இன்னொருவர் உள்ளே இருக்கிறார்

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. இரண்டு ஓரமும் துளை போட்ட, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஓடும் தாள். மேல் மூலையில் ‘29.8.2003, வெள்ளி’ என்று என் கையெழுத்து. அச்சாகியிருப்பவை ஒரு கணினியின் பதிவுக்கோப்பிலிருந்து எடுத்த சில ஆங்கில வரிகள். கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அப்டேட் நிறுவப்படவில்லை. காரணம்: வேறொரு பயனர் இன்னும் வெளியேறவில்லை.’ மை மங்கிவிட்டது, ஆனாலும் படிக்கலாம்.

நீங்கள் நம்பப்போவதில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். தல்லாகுளத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது முனி அடித்த கதையை எடுத்தால், நான் முதலில் கேட்பது, ‘அது என்றைக்கு நடந்தது, என்ன கிழமை?’ என்பதுதான். ‘உம்மகிட்டப் போயி சொன்னேன் பாருங்க’ என்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். தேதியில்லாத எதையும் நான் எழுதிவைப்பதில்லை. ஊர்ப்பெயர்கள், கண்மாய்கள், பழைய சத்திரங்கள் என்று குறிப்பெடுத்துச் சிறு கட்டுரைகளாக எழுதுவது என் பழக்கம், அதற்காகக் கண்டதையும் படிப்பேன், அப்படிப் படித்ததில்தான் கணினியும் கொஞ்சம் கைவந்தது. பேய் பிசாசுக்கெல்லாம் என் அலமாரியில் இடம் இருந்ததில்லை.

கமால் பாயின் கடை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அங்கே கணினியில் வடிவமைத்து, இணையம் வழியாகச் சிவகாசிக்கு அனுப்பி அச்சடித்து வாங்குவார்கள். என் கட்டுரைகளையும் அங்கேதான் டைப் செய்யக் கொடுப்பேன். டைப் செய்தவர் ஜெயக்கொடி. எழுமலைப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும், கலகலப்பான ஆள். ‘சார், உங்க கையெழுத்தப் படிக்கிறதுக்கு நாலு கல்வெட்டப் படிச்சிரலாம்’ என்பார். ஊருக்கெல்லாம் கமால் பாய் ‘பாய்’தான், நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஜெயக்கொடிக்கு மட்டும் அவர் ‘அண்ணே’. பாய்க்கு இவர் ‘மாப்ள’.

அந்தக் கணினியில் இரண்டு கணக்குகள். ஒன்று பாயின் பெயரில், இன்னொன்று ‘ஜெயம்’ என்று ஜெயக்கொடி வைத்துக்கொண்டது. விளையாட்டாக ஒரு நாள் மைக்கில் தன் குரலைப் பதிந்து, தன் கணக்கிலிருந்து வெளியேறும்போது வழக்கமான மணியோசைக்குப் பதிலாக அது கேட்கும்படி செய்துவிட்டார். ‘வாரேண்ணே...’ கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. சாயங்காலம் கடை மூடும்போது கணினி ‘வாரேண்ணே’ என்னும், கல்லாவிலிருந்து பாய் சத்தமாக ‘போயிட்டு வா மாப்ள’ என்பார், அருகிலேயே நிற்கும் ஜெயக்கொடி சிரிப்பார். நானே இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் ஜெயக்கொடி இறந்துபோனார். மதியம் கடையிலிருந்து வண்டியில் கிளம்பியவர், திருமங்கலம் தாண்டி ஒரு லாரியில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னே முடிந்துவிட்டது. பாய் ஆடி மாதம் பூராவும் கடையைப் பாதி திறந்தும் திறக்காமலும் கிடந்தார். புதிதாக ஒரு ஆபரேட்டரை வைத்தார், அவர் கொஞ்ச நாளில் நின்றுகொண்டார். ஆவணி பிறந்து முகூர்த்த வேலை வந்ததும் பாய் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

“சார், மிசினு கோளாறு பண்ணுது. நெட்டப் போட்டாலே ஒரு பொட்டி வருது, அறுபதுலேர்ந்து எண்ணிட்டு தானாப் படுத்துக்கிருது. சிவகாசிக்கு ஒண்ணும் அனுப்ப முடியல. சர்வீஸ்காரன் வந்து பாத்துட்டு எல்லாத்தையும் அழிச்சு பார்மட் அடிக்கணும்கிறான்.”

“அடிச்சிரலாமே பாய்.”

 “நீங்க ஒருக்க வாங்க சார்” என்றார்.

அந்த ஆகஸ்டில் ஒரு வைரஸ் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது, கணினி வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இணையத்தில் சேர்ந்த சில நிமிடங்களில் கணினியை அணைத்துவிடும். அதற்கு மருந்தாக ஒரு அப்டேட் வந்திருந்தது. அதை வேறு இடத்தில் இறக்கி சி.டி.யில் கொண்டுபோய்ப் போட்டால் ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை, அலுவலகத்துக்கு ஒரு நாள் விடுப்பு.

முதலில் போன் வயரைப் பிடுங்கினேன். வைரஸை ஒரு சிறு நிரல் வைத்துத் துடைத்தேன். அப்டேட்டைப் போட்டேன். கோடு நகர்ந்து நகர்ந்து கடைசி வரை போய், ‘நிறுவ முடியவில்லை’ என்றது. இப்படி நடக்கும்போது பார்க்க வேண்டியவற்றை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். வட்டில் இடம் இருக்கிறதா, இருந்தது. கணினியின் தேதி சரியா, சரி. வைரஸ் தடுப்பை நிறுத்தினேன், தற்காலிகக் கோப்புகளை அழித்தேன், சேஃப் மோடில் ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. அப்புறம்தான் பதிவுக்கோப்பைத் திறந்தேன். வேறொரு பயனர் இன்னும் வெளியேறவில்லை என்றிருந்தது. அந்தத் தாள்தான் இது.

“பாய், ஜெயக்கொடி கணக்கத் திறந்தீங்களா?”

“அதுக்குப் பாஸ்வேடு அவனுக்குத்தான தெரியும்? நான் தொட்டதே இல்லை சார்.”

கணினியை அணைத்து, பவர் வயரையே உருவி வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டேன். நுழைவுத் திரை வந்தது. இரண்டு பெயர்கள். பாயின் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. ‘ஜெயம்’ என்ற பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘ஒரு நிரல் இயங்குகிறது’.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாராவது தன் கணக்கைத் திறந்து, வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோனால் அந்த வரி வரும். கணினியை அணைத்துப் போட்டால் அது இருக்காது, இருக்க முடியாது. அப்போதுதான் உயிர் வந்த கணினியில் யாரும் உள்ளே போயிருக்கவே முடியாது.

வைரஸின் மிச்சம் ஏதோ என்றுதான் அப்போதும் நினைத்தேன். பயனர்களை வெளியேற்றும் இடத்துக்குப் போய் ஜெயத்தை வெளியேற்றினேன். பெயர் மறைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி இருந்தது.

“அந்தக் கணக்கையே நீக்கிரலாம் பாய். குரல் இருக்கிற பைலைப் பொது இடத்துலதான் வச்சிருக்காப்ல, இந்தா பிளாப்பியில எடுத்துட்டேன். பாருங்க.” போட்டுக் காட்டினேன். ‘வாரேண்ணே...’ கடையின் பிளைவுட் தடுப்பில் பட்டு எதிரொலித்தது.

பாய் என்னையே பார்த்தார். “குரல எடுத்துட்டீங்க, சரி. ஆளு?”

“என்ன பாய் நீங்க.”

“அந்தப் பய மவுத்தானதுலேருந்து தினம் சாயங்காலம் மிசின நிறுத்துறப்ப வாரேண்ணேன்னு சொல்லுது சார். இங்க வேலைக்கு வந்தவன் அதக் கேட்டுத்தான் ஓடிப்போனான். வெளிய சம்பளம் பத்தலைன்னு சொன்னான்.”

“அது அவரு வச்ச சத்தம்தான பாய்” என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தச் சத்தம் கணினி முழுவதற்கும் பொதுவானதல்ல, ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. ஜெயத்துக்குள் நுழைந்து வெளியேறினால்தான் அது கேட்க வேண்டும். பாய் தன் கணக்கில் நுழைந்து தன் கணக்கிலிருந்து வெளியேறுகிறவர். அவருக்குக் கேட்க வேண்டியது கணினியோடு வந்த மணியோசை மட்டும்தான்.

“பதிலுக்கு நீங்க ஏதும் சொல்லுவீங்களா, முந்தி மாதிரி?”

“வாயி வரல சார்” என்றார் பாய்.

ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. பாய் தொப்பியை எடுத்துக்கொண்டார். “நான் வர்ற வரைக்கும் எதையும் அழிச்சிராதீங்க, உங்களக் கெஞ்சிக் கேக்குறேன். அவன் சாமான் எதையும் நான் இன்னும் எடுக்கல. ஆளு உள்ள இருக்கையில வீட்ட இடிச்ச மாதிரி ஆயிரும். வாரேன் சார்.” ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டுப் போனார்.

நடுப்பகல். வெளியே ஆவணி வெயில் ஷட்டருக்குக் கீழே ஒரு பட்டையாக விழுந்து கிடந்தது. சந்தில் பாதிக் கடைகள் தொழுகைக்காக அடைத்திருந்ததால் சத்தமில்லை. மின்விசிறியின் கிறீச்சும் கணினியின் இரைச்சலும் மட்டும். நான் நுழைவுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், எதையும் தொடவில்லை, இதை அழுத்திச் சொல்கிறேன், என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. கணினிப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் ஓடத் தொடங்கியது. அது ஓடுவது புதிதல்ல, நீங்களும் கேட்டிருப்பீர்கள், கொறிப்பது போல ஒரு சத்தம். ஆனால் இது விட்டு விட்டு வந்தது. ஒரு வரி டைப் அடிக்கிற நேரம் கொறிக்கும். நிற்கும். அடித்ததைப் படித்துப் பார்க்கிற நேரம் சும்மா இருக்கும். பிறகு இரண்டே தட்டு, பிழையைத் திருத்துவது போல. மறுபடி ஒரு வரி. என் கட்டுரைகளை ஜெயக்கொடி டைப் செய்யும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அந்த நடை எனக்குத் தெரியும்.

பக்கத்து நாற்காலியில்தான் அப்போதும் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. கணினிக்கு நேர் எதிரே இருந்த ஆபரேட்டர் நாற்காலியைக் காலையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.  மவுசை எக்கி எக்கியே பிடித்திருக்கிறேன்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்து வெயிலில் நின்றேன். பாய் வரும் வரை அங்கேதான் நின்றேன். ‘என்ன சார் வெயில்ல?’ என்றார். புழுக்கம் என்று சொன்னேன்.

உள்ளே போய், பாயின் கணக்கில் நுழைந்து, அப்டேட்டை மறுபடி தொடங்கினேன். கடைசியில் கணினியை நிறுத்தி ஏற்ற வேண்டிய இடம் வந்தது. அழுத்தியதும் ஒரு சிறு பெட்டி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. பாய்க்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ‘என்ன சொல்லுது?’ என்றார். நான் ஒரு வார்த்தையும் கூட்டாமல் சொன்னேன்:

“இன்னொருவர் உள்ளே இருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவருடைய வேலை போய்விடலாம். நிறுத்தலாமா?”

எல்லாக் கணினியிலும் வருகிற வாசகம்தான். பாய் அந்த ஆபரேட்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.

“அன்னிக்கு அவென் கௌம்பையில நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? அம்புட்டு வேலை கெடக்கு. அக்கா மகளுக்குக் காதுகுத்து, ஊருக்குப் போகணும்னு முதநாளே சொல்லியிருந்தான், எனக்கு மறந்துபோச்சு. சாவிய எடுத்துக்கிட்டு, வாரேண்ணேன்னான். நான் நிமிர்ந்து பாத்து, எங்கடா போற இந்த நேரத்துலன்னுட்டேன்.” பாயின் குரல் உடைந்தது. “வாசப்படி எறங்குற ஆளப் பாத்து எங்க போறேன்னு கேக்கலாமா சார்? சின்னப் புள்ளைக்குத் தெரியும். எங்க வீட்டுலயும் கேக்க மாட்டோம், அவுக வீட்டுலயும் கேக்க மாட்டாக. அவன் சிரிச்சான். எங்கண்ணே போகப்போறேன், வாரேன்னுதான சொன்னேன்னான். அப்பவாச்சும் போயிட்டு வான்னு சொல்லியிருக்கலாம். கம்முனு குனிஞ்சுக்கிட்டேன்.”

 லாரிக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமில்லை பாய் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் திரையில் அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தது.

“அவன் பதிலுக்குத்தான் நிக்கிறான்” என்றார் பாய். பிறகு கணினியைப் பார்த்து, கல்லாவிலிருந்து சொல்கிற அந்தப் பழைய குரலில் இல்லாமல், தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெதுவாக, “சரிடா மாப்ள. போயிட்டு வா” என்றார்.

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. கடைசி எழுத்தில் இழுவை இல்லை. சின்னதாக, பக்கத்தில் நின்று சொல்வது போல. நான் கேட்டது இது: ‘போறேண்ணே.’

திரை இருண்டது. நான் பாயைப் பார்க்க முடியாமல் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

“கேட்டீங்களா சார்! வாரேன்னுட்டான்! வாரேண்ணேன்னு எம்புட்டு நல்லாச் சொன்னான் பாத்தீங்களா!”

“ஆமா பாய்” என்றேன்.

கணினி ஏறி வந்தது. அப்டேட் நிறுவப்பட்டுவிட்டது என்றது. நுழைவுத் திரையில் இரண்டு பெயர்கள், இரண்டுக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. போன் வயரைச் செருகி இணையத்தில் சேர்த்தேன், அறுபது எண்ணுகிற பெட்டி வரவில்லை. தேங்கிக் கிடந்த பத்திரிகைகள் சாயங்காலத்துக்குள் சிவகாசிக்குப் போய்விட்டன.

இடையில் டீ குடிக்கலாம் என்று நான் மட்டும் வெளியே வந்தேன். பக்கத்துக் கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற சுப்பராமன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சௌராஷ்டிரக்காரர், ஆவணி பிறந்த பிறகுதான் அந்தக் கடையை எடுத்திருந்தார், ஜெயக்கொடியைப் பார்த்ததே இல்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான்.

“என்ன சார், பாய் புது ஆளு போட்டுட்டாரா?”

“இல்லையே, ஏன்?”

“இப்ப யாரோ கௌம்புனாங்களே. கடையில இருந்துக்கிட்டு, போறேண்ணேங்கிறான்! போறேன்னா சொல்லுவாங்க? எந்த ஊர்க்காரன் சார் அவென்?”

டீ குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

இனி, எனக்குத் தெரிந்த அளவில் சரிபார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிளாப்பியில் எடுத்த குரலைப் பின்னால் அலுவலகக் கணினியில் போட்டுக் கேட்டேன்: ‘வாரேண்ணே’, இழுவையோடு. பாயின் கணினியில் உள்ள கோப்பையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேறு குரல் கோப்பு எதுவும் அந்தக் கணினியில் எனக்குக் கிடைக்கவில்லை. ஜெயத்தின் கணக்குக்குள் மட்டும் நான் பார்க்கவில்லை. பாய் இன்றுவரை விடவில்லை.

அந்த வெள்ளிக்குப் பிறகு கணினியிலிருந்து அந்தக் குரல் வரவில்லை. பாய்க்கு அதில் வருத்தமில்லை. இன்னும் இரண்டு கணினிகள் வாங்கினார், ஆபரேட்டர்கள் வந்தார்கள், போனார்கள். பழையதை மட்டும் மூலையில் அதே மேஜையில் வைத்திருக்கிறார், எதிரே அதே நாற்காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது. நான் எப்போதாவது போனால் கடை அடைக்கும் நேரத்தில் அதைப் போட்டு, நுழைவுத் திரையைப் பார்த்துவிட்டு அணைப்பார். அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். “இன்னிக்கும் வரலை சார்” என்பார், பஸ் தவறிப்போனவரைச் சொல்வது போல. “வாரேன்னு சொல்லியிருக்கான். வருவான்.” நான் செருப்பை மாட்டிக்கொண்டு, “வாரேன் பாய்” என்பேன். “போயிட்டு வாங்க” என்பார் உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

சுப்பராமனிடம் அவர் கேட்டது அந்தக் குரலைத்தானா, சந்தில் போன வேறு யாருடைய குரலையாவதா என்று மறுபடி நிதானமாக விசாரிக்க நினைத்திருந்தேன். நான் போகும் முன்பே அவர் கடையைக் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆகவே இந்தக் குறிப்பில், அன்று சொல்லப்பட்ட வார்த்தை எது என்பது மட்டும் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.